நடுங்காத குரல்

திருவாரூரில் பிறந்தாலே முக்தி என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். அங்கே பிறந்து, கமலாலயக் குளத்தில் நீந்தப் பழகி, பொறியியல் படிக்க ஊரைவிட்டுக் கிளம்பியவன் நான். அந்த ஊரை ஒரு மனித உடம்பின் அடிப்பாகமாக முதன்முதலில் கண்ணால் பார்த்தது சூரிக்கில், என் நாற்பத்திரண்டாவது வயதில். யோகா வகுப்பின் சுவரில் தொங்கிய படம் அது. சப்பணமிட்டு அமர்ந்த ஓர் உருவம், முதுகுத்தண்டு நெடுக ஏழு வண்ண வட்டங்கள். அறுபதை நெருங்கிய சுவிஸ் ஆசிரியை, கீழே இருந்த சிவப்பு வட்டத்தைத் தொட்டு ஜெர்மனில் ‘வேர்ச் சக்கரம்’ என்றார். அது எங்கள் ஊராயிற்றே என்று நினைத்துக்கொண்டேன்.

என் பாட்டிக்கு அந்தக் கணக்கு விரல்நுனியில் இருந்தது. திருவாரூர் மூலாதாரம், திருவானைக்கா சுவாதிட்டானம், திருவண்ணாமலை மணிபூரகம், சிதம்பரம் அநாகதம், திருக்காளத்தி விசுத்தி, காசி ஆக்ஞை. அவளுக்கு ஆதாரம் என்பது ரயிலேறிப் போய்ச் சேரவேண்டிய இடம். காசிக்கு அவள் போகவில்லை. காளத்திவரை போனாள். அதாவது கழுத்துவரை.

மூச்சைப் பற்றியும் எங்கள் ஊருக்கு ஒரு கதை உண்டு. தியாகராசர் ஆடுவது அசபா நடனம். திருமாலின் நெஞ்சின்மேல் இருந்தபடி, அவர் மூச்சு ஏற ஏறவும் இறங்க இறங்கவும் ஆடுகிறார் என்பது ஐதீகம். புறப்பாட்டின்போது சாமி தூக்குகிறவர்கள் அந்த ஏற்ற இறக்கத்தோடுதான் நடப்பார்கள். சின்ன வயதில் அதைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறேன். அது மூச்சு என்று தெரியாது. வெயிலில் தோள் வலிக்கிறதாக்கும் என்று நினைத்திருந்தேன்.

வகுப்பில் நான் சேர்ந்ததற்கு ஆன்மிகம் காரணமல்ல. இரத்த அழுத்தம் 148/96. மருத்துவர் மாத்திரை எழுதுமுன் மூன்று மாதம் அவகாசம் தந்தார். வியாழக்கிழமை மாலை வகுப்பின் பெயரில் ‘சக்கரங்களைச் சமன்படுத்துதல்’ என்று இருந்தது. முதல் நாளே மற்றவர்கள் என் முகத்தைப் பார்த்து, ஆசிரியை சொல்வது சரிதானா என்று உறுதிசெய்துகொண்டார்கள். நானும் தலையாட்டினேன். பாட்டியின் கணக்கைத் தவிர எனக்கு எதுவும் தெரியாது என்பதை அங்கே சொல்லவில்லை.

பயிற்சி பலித்தது. நான்கு எண்ணி மூச்சை இழுப்பது, ஆறு எண்ணி விடுவது. மனத்தை ஒவ்வொரு இடமாக, அடிவயிறு, தொப்புள், நெஞ்சு, தொண்டை என்று நிறுத்தி வைப்பது. வெளிமூச்சு நீளும்போது இதயத்துடிப்பு தணியும். இதில் மாயம் இல்லை, உடலியல் பாடம் படித்த யாரும் சொல்வார்கள். மூன்றாம் மாதம் அழுத்தம் இறங்கியது, தூக்கம் வந்தது. மனைவி, “இப்பல்லாம் நீங்க கத்தறதே இல்ல” என்றாள். மகனும் அதைக் கவனித்திருந்தான்.

படித்தவனுக்கே உரிய சந்தேகம் எனக்கும் வந்தது. இந்தச் சக்கரங்கள் உண்மையில் உடம்பில் இருக்கின்றனவா? பின்னாளில் ஆரிய சமாஜத்தை நிறுவிய தயானந்த சரஸ்வதி, இளம்வயதில் இதைச் சோதித்தே பார்த்துவிட்டார். கங்கையில் மிதந்து வந்த ஒரு பிணத்தைக் கரைக்கு இழுத்து, கத்தியால் அறுத்து, கையிலிருந்த யோக நூல்களின் வர்ணனையோடு ஒப்பிட்டார். ஒன்றும் பொருந்தவில்லை. நூல்களைக் கிழித்துப் பிணத்தோடு சேர்த்து ஆற்றில் விட்டார். அவரே தன் வாழ்க்கைக் குறிப்பில் சொல்லியிருப்பது இது. நம் மொழியில் ஆதாரம் என்றால் தாங்குவது. சான்று என்றும் பொருள். ஆறு ஆதாரங்களுக்கும் ஆதாரம் தேடி அவர் ஆற்றில் இறங்கினார்.

அவருடைய நேர்மை எனக்குப் பிடிக்கும். ஆனால் அந்தக் கேள்வி என்னை நெடுநாள் படுத்தவில்லை. பழைய நூல்களே ஒரே எண்ணிக்கையைச் சொல்வதில்லை. சிலவற்றில் ஐந்து, சிலவற்றில் ஆறு, சிலவற்றில் ஒன்பது. உறுப்பு என்றால் அப்படி மாறாது. நமக்கெல்லாம் எத்தனை சிறுநீரகம் என்பதில் இரண்டு சம்பிரதாயம் கிடையாது. அவை மனத்தை நிறுத்தும் இடங்கள் என்று கொண்டால் எனக்குப் போதும். என்னைப் படுத்திய கேள்வி வேறு. அது என் வேலையிலிருந்து வந்தது.

நிறுவனங்கள் தங்கள் மென்பொருளை மாற்றும்போது என்னைப் போன்றவர்களை அழைப்பார்கள். எதை வைத்துக்கொள்ளலாம், எதை விட்டுவிடலாம் என்று நாங்கள் சொல்லவேண்டும். ‘எதை’ என்பதில் ‘யாரை’ என்பதும் அடக்கம். ஒப்பந்தத்தில் அந்தச் சொல் இருக்காது. மூன்று வருடங்களுக்கு முன் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் சோதனைப் பிரிவை எடுத்துக்கொண்டேன். 23 பேர். சோதனைகளில் பெரும்பகுதியைத் தானியங்கியாக்கினால் 16 பேர் போதும். ஏழு பேரின் பெயரை நான் எழுதித் தரவேண்டும்.

ஆறாவதாக வந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். வயது 56. 1986இல், பத்தொன்பது வயதில், அகதியாக வந்து, உணவகத்தில் கோப்பை கழுவி, மாலைநேர வகுப்பில் கணினி படித்தவர். நான் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். பழைய கோபால் மொழியில் எழுதிய ஓய்வூதியக் கணக்குகளைச் சோதிப்பது அவர் வேலை. என் அட்டவணையில், ஒருவர் செய்யும் வேலையில் எத்தனை விழுக்காட்டைத் தானியங்கிக்கு மாற்றலாம் என்று ஒரு பத்தி இருந்தது. அவருக்கு அது உயர்வாக வந்தது. ஆனால் அவர் நேரத்தில் பாதி, அந்தக் கணக்குகள் புரியாமல் வந்து நிற்பவர்களுக்கு விளக்குவதில் போயிற்று. நேரப் பதிவில் அதற்குக் கட்டம் இல்லை. எனக்கு அது தெரியும், ஏனென்றால் அப்படி வந்து நின்றவர்களில் நானும் ஒருவன். இன்னொரு பத்தி சேர்த்திருந்தால் அவருடைய இடம் மாறியிருக்கும். அப்போது வேறொருவர் ஆறாவதாக வந்திருப்பார், அதுவும் உண்மைதான்.

பட்டியலை முடித்தபோது இரவு பதினொரு மணி. நெஞ்சுக்கு நடுவே ஒரு இறுக்கம். பழைய நானாக இருந்திருந்தால் எழுந்து போய்க் குளிர்பெட்டியைத் திறந்திருப்பேன், மனைவியிடம் எரிந்து விழுந்திருப்பேன், விடியும்வரை புரண்டிருப்பேன். ஒருவேளை அந்தப் புரளலில் இன்னொரு பத்தி சேர்த்திருப்பேன். இப்போது எனக்கு வழி தெரியும். கூடத்து விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். நெஞ்சில் மனத்தை நிறுத்தி, ஆசிரியை சொன்னபடி பச்சை வெளிச்சத்தை நினைத்து, நான்கு, ஆறு, நான்கு, ஆறு. இருபது நிமிடத்தில் இறுக்கம் போய்விட்டது. மின்னஞ்சலை அனுப்பிவிட்டு நன்றாகத் தூங்கினேன்.

பன்னிரண்டு நாள் கழித்து, அவரிடம் சொல்லும்போது நானும் கூட இருக்கவேண்டும் என்றார் பிரிவுத் தலைவர். தாய்மொழியில் சொன்னால் ஆறுதலாக இருக்குமாம். அண்ணனின் சுவிஸ் ஜெர்மனைக் கேட்டால் இங்கேயே பிறந்தவர் என்பார்கள். என் ஜெர்மன்தான் வேற்றுமை உருபில் இடறி விழும். இருந்தும் போனேன். எட்டு நிமிடம் பேசினேன். மூன்று மாத முன்னறிவிப்பு, இழப்பீடு, மறுபயிற்சிக்கான வழி, எல்லாவற்றையும் வரிசையாக, நிதானமாக, தமிழில் சொன்னேன். என் அனுதாபத்தையும் தெரிவித்தேன். அவர் இடைமறிக்கவே இல்லை. வெளியே மின்தூக்கிக்குக் காத்து நின்றபோது சொன்னார்: “தம்பி, நீங்கள் நல்லா விளங்கப்படுத்தினீங்கள். உங்கட குரல் ஒரு இடத்திலயும் நடுங்கேல்லை.”

அவர் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. பாராட்டாகவும் சொல்லவில்லை. சோதனைப் பிரிவில் முப்பது வருடம் இருந்தவர். கண்டதைக் குறித்து வைக்கிறவர்.

அதன்பிறகுதான் நூல்களைப் படிக்க உட்கார்ந்தேன். நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று தெரியவேண்டியிருந்தது. இன்று உலகெங்கும் வகுப்புகளில் சொல்லப்படும் சக்கரங்களுக்குப் பெரிய மூலம், வங்காளத்துத் தாந்திரிகர் பூர்ணானந்தர் 1577இல் எழுதிய ஷட்சக்ர நிரூபணம். கல்கத்தா உயர்நீதிமன்ற நீதிபதியாக இருந்த ஜான் உட்ராஃப் அதை 1919இல் ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். அதில் நான் முதலில் தேடியது ‘சமன்படுத்துதல்’ என்ற எண்ணத்தை. அது அங்கே இல்லை. அங்கே இருப்பது துளைப்பது. குண்டலினி ஒவ்வொரு தாமரையாகத் துளைத்து மேலேறுகிறது. ஏற ஏற, மண் நீரில் ஒடுங்குகிறது, நீர் தீயில், தீ காற்றில், காற்று வெளியில். இதழ்கள் கீழிருந்து 4, 6, 10, 12, 16, 2. கூட்டினால் 50, சமஸ்கிருத எழுத்துகள் அத்தனையும். ஆக, மொழியும் பூதங்களும் மனமுமாக, நாம் ‘நான்’ என்று சொல்லிக்கொள்ளும் மொத்தமும் கட்டுக்கட்டாக அவிழ்ந்து கரைவதற்கான வழி அது. போய்விடுவதற்கான வரைபடம். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குத் தெளிவாக அலுவலகம் திரும்புகிறவனுக்காக எழுதியது அல்ல.

நெஞ்சின் தாமரை பச்சை என்பதும் அங்கே இல்லை, செந்நிறம் என்றிருக்கிறது. வானவில் வரிசை இருபதாம் நூற்றாண்டில் மேற்கில் சேர்ந்தது. அதைப் பெரிய மோசடியாக நான் நினைக்கவில்லை. நம்மூர்ச் சாம்பாரில் இருக்கும் மிளகாயும் கப்பலில் வந்ததுதான். என் வீட்டிலிருந்து டிராமில் போகும் தூரத்தில், 1932இல், கார்ல் யுங் தம் உளவியல் சங்கத்தில் இதே சக்கரங்களைப் பற்றி உரையாற்றினார். அவருக்கு அவை மனம் வளரும் படிகளின் குறியீடுகள். ஐரோப்பியர் இந்தியப் பயிற்சிகளை அப்படியே எடுத்துச் செய்வதில் அவருக்கு உடன்பாடில்லை. ஒவ்வொருவரும் தமக்கு வேண்டியதை இந்த வரைபடத்தில் ஏற்றிக்கொண்டார்கள். நான் ஏற்றிக்கொண்டது என் தொழிலை.

எங்கள் துறையில் சுமை சமன்படுத்தி என்று ஒன்று உண்டு. வரும் கோரிக்கைகளைப் பல சேவையகங்களுக்குப் பிரித்து அனுப்பும். எந்தச் சேவையகமும் திணறாமல் பார்த்துக்கொள்ளும். அவ்வப்போது ஒவ்வொன்றிடமும், உயிரோடு இருக்கிறாயா என்று மட்டும் கேட்கும். நீ எதைச் செய்துகொண்டிருக்கிறாய் என்று கேட்காது; அது அதன் வேலை இல்லை. வியாழக்கிழமை மாலைகளில் நான் கற்றது அந்தச் சமன். அன்றிரவு நெஞ்சில் எழுந்தது ஒரு எச்சரிக்கைச் செய்தி. அதைத் திறந்து பார்க்காமலே குப்பைக் கோப்புறைக்கு அனுப்பும் திறமையை நான் காசு கொடுத்துக் கற்றிருந்தேன்.

உட்ராஃபின் நூலில் என்னை நிறுத்திவிட்ட இடம் ஒன்று. நெஞ்சுத் தாமரையின் பன்னிரண்டு இதழ்களுக்கும் ஒவ்வொரு மனநிலையைச் சொல்லும் பழைய பட்டியல் ஒன்றை அவர் தருகிறார். வகுப்பில் அந்த இடத்துக்கு அன்பு, கருணை என்று இரண்டு சொற்கள்தான். பட்டியலிலோ நம்பிக்கை இருக்கிறது, கவலை இருக்கிறது, என்னுடையது என்ற பற்று இருக்கிறது, டம்பம், அகங்காரம், விவேகம், கபடம், முடிவெடுக்க முடியாத தடுமாற்றம் எல்லாம் இருக்கின்றன. கடைசி இதழின் பெயர் அனுதாபம். தமிழில் நாம் அதைப் பிறர் துயருக்கு இரங்குவது என்று வைத்துக்கொண்டோம். வடமொழியில் அதற்குப் பொருள், செய்ததை எண்ணிப் பின்னால் வேகுவது. அண்ணனிடம் நான் தெரிவித்தது தமிழ் அனுதாபம்.

அந்தப் பன்னிரண்டும் ஒரே தாமரையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. இதில் எதைச் சமன்படுத்துவது? கபடத்தில் கொஞ்சம், விவேகத்தில் கொஞ்சம் என்றா? பழைய சாதகன் இவற்றுக்குள் புகுந்து போகவேண்டியிருந்தது. சுற்றிக்கொண்டு போக அவனுக்கு வழியில்லை. நான் இருபது நிமிடத்தில் சுற்றிக்கொண்டு போனேன்.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடியது கனமானது. சமநிலையே யோகம் என்று கீதை சொல்கிறது. யாரிடம் சொல்கிறது என்றும் பார்க்கவேண்டும். வாய் உலர்ந்து, உடம்பு நடுங்கி, வில் கைநழுவ, சொந்தக்காரர்களைக் கொல்லமாட்டேன் என்று தேர்த்தட்டில் உட்கார்ந்துவிட்ட ஒருவனிடம். அவன் நடுக்கத்தைத் தீர்த்துச் சண்டைக்கு எழுப்புவதற்காகத்தான் அத்தனை உபதேசமும். என் கதைக்கு இவ்வளவு நெருங்கிய கதை வேறில்லை, பதினெட்டு அத்தியாயம் என்பதைத் தவிர. ஆனால் கிருஷ்ணன் மூச்சை எண்ணச் சொல்லி அவனை அடக்கிவிடவில்லை. அவன் நடுக்கம் ஒரு கேள்வியாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. அவன் எதிர்த்துக் கேட்கிறான், திரும்பக் கேட்கிறான். கிடைத்த விடை சரிதானா என்பதில் எனக்கு இன்றும் சந்தேகம் உண்டு. கேட்காமல் அவன் எழவில்லை என்பதில் இல்லை. என் நடுக்கத்துக்கு நான் ஒரு கேள்விகூடக் கொடுக்கவில்லை.

என் நண்பர் ஒருவர், அறுவைச் சிகிச்சை மருத்துவர், இதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். “என் கை நடுங்கினா நோயாளி செத்துப்போவான். உன் குரல் நடுங்கியிருந்தா அந்த மனுஷனுக்கு என்ன லாபம்? அவர் உன்னைத் தேத்த வேண்டியிருந்திருக்கும்.” சரியான பேச்சு. செய்தி சொல்லும் அறையில் நான் அழுதிருந்தால் அது இன்னொரு அசிங்கம். நிதானம் அந்த அறையில் தவறில்லை என்றே இப்போதும் நினைக்கிறேன். மருத்துவரின் நிதானம் மேசையில் கிடப்பவனுக்காக. பன்னிரண்டு நாளுக்கு முன், இரவு பதினொரு மணிக்கு, கூடத்தில் விளக்கை அணைத்துவிட்டு நான் வரவழைத்துக்கொண்ட நிதானம் யாருக்காக? அங்கே என்னைத் தவிர யாரும் இல்லை.

யோகத்துக்கு எட்டு அங்கம் என்று பதஞ்சலியும் சொல்கிறார், திருமந்திரமும் சொல்கிறது. இருவருக்குமே முதல் இரண்டும் இயமமும் நியமமும்தான். கொல்லாமையும் பொய்யாமையும் கள்ளாமையும் அங்கே வருகின்றன. ஆசனம் மூன்றாவது. எங்கள் வகுப்பு மூன்றாவதிலிருந்து தொடங்கும். ஆசிரியையிடம் ஒருநாள் இதைக் கேட்டேன். அவர் சற்று யோசித்துவிட்டு, “முதல் இரண்டையும் நான் சொல்லித்தர முடியாது. வாரத்துக்கு ஒருமுறை ஒன்றரை மணிநேரம்தான் உங்களைப் பார்க்கிறேன்” என்றார். அவர்மேல் எனக்கு மரியாதை கூடியது அன்றைக்குத்தான்.

பயிற்சியை நான் விடவில்லை. விட்டால் அழுத்தம் ஏறும், வீட்டில் கத்துவேன். என் மனச்சாட்சிக்காக மகன் பயப்படவேண்டியதில்லை. ஒரே ஒரு மாற்றம். உட்கார்ந்தவுடன் நெஞ்சில் ஏதாவது இறுகினால் மூச்சை நீட்டுவதில்லை. சற்று நேரம் அதை அப்படியே இறுகவிட்டு, யார் முகம் வருகிறது என்று பார்க்கிறேன். பெரும்பாலும் வாடகையோ வரியோதான் வருகிறது. எப்போதாவது ஒரு முகம் வருகிறது. அன்றைக்குப் பயிற்சி அவ்வளவுதான், எழுந்து போய் யாருக்காவது தொலைபேச வேண்டியிருக்கும். இதை எந்த நூலும் எனக்குச் சொல்லவில்லை. இது சரியான முறைதானா என்றும் கேட்டுக்கொள்ளவில்லை.

போன வருடம் அட்லிஸ்வில் முருகன் கோவிலில் அண்ணனைப் பார்த்தேன். நான்தான் தயங்கி நின்றேன். அவர் பொங்கல் தட்டோடு நேரே வந்தார். வேறு வேலை கிடைத்திருந்தது, பாதி நேரம், பாதிச் சம்பளம். மகள் பல்கலைக்கழகம் போகிறாள். பேசிக்கொண்டே இருந்தவர், சட்டென்று குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: “தம்பி, எனக்கு இப்ப ரெண்டு வருசமா ஒழுங்கான நித்திரை இல்லை. நீங்கள் ஏதோ மூச்சுப் பயிற்சி செய்யிறனீங்கள் எண்டு அங்க சொல்லுவினம். எனக்கும் காட்டித் தருவீங்களோ?”

மறுக்க எனக்கு என்ன வாய் இருக்கிறது. செருப்பு வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மரப்பலகை இருந்தது. இருவரும் உட்கார்ந்தோம். முதுகை நிமிர்த்தச் சொன்னேன். கண்ணை மூடச் சொன்னேன். நான்கு எண்ணி இழுங்கள் அண்ணா, ஆறு எண்ணி விடுங்கள். நானே எண்ணினேன். உள்ளே நாதஸ்வரம் வாசித்துக்கொண்டிருந்தார்கள்; அதற்கு மேலாக எண்ணவேண்டியிருந்தது. மூன்றாவது சுற்றில் அவர் கண்ணைத் திறந்தார்.

“அந்த லிஸ்ட் மேல இருந்து வந்ததோ, நீங்கள் போட்டதோ?”

“நான் போட்டதுதான் அண்ணா. இன்னொரு பத்தி சேர்த்திருக்கணும். சேர்க்கல.”

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு குழந்தை வந்து எங்கள் காலடியில் தன் செருப்பைத் தேடி எடுத்துக்கொண்டு போனது. அவர் திரும்ப முதுகை நிமிர்த்திக் கண்ணை மூடிக்கொண்டார்.

“சரி,” என்றார். “எண்ணுங்கோ.”